குடியின் வரலாற்றில் குடும்பம் எங்கே?



நினைவுரை என்றால் பெரிய ஆளுமைகளைப் பேசுவது வழக்கம். நான் குடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் கூட்டங்களில் நாம் தவிர்த்துவருகிற பேச்சு இது. பேசினால், 'குடிகாரச் சாதி' என்று நம்மீது வீசப்பட்ட வசைக்கு நாமே சாட்சி சொன்னதாகிவிடுமோ என்ற அச்சம். அந்த அச்சத்துக்கான விலையை நம் வீட்டுப் பெண்கள் கொடுத்துவருகிறார்கள்.

பொம்மையார்பாளையத்துக்குத் தெற்கே போனால் புதுச்சேரி. வடக்கே காலாப்பட்டு, அதுவும் புதுச்சேரிதான். நடுவில் எங்கள் ஊர் தமிழ்நாடு. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. அப்போது புதுச்சேரியை ஆண்டது பிரெஞ்சுக்காரர்கள். 1954இல் அவர்கள் அதிகாரத்தை ஒப்படைத்த பிறகும் அங்கே மதுக்கடைகள் இருந்தன. ஆக, இந்தக் கடற்கரையில் மதுவிலக்கு என்பது நடந்துபோகிற தூரத்தில் முடிந்துவிடுகிற சட்டம்.

1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. சில ஆண்டுகளில் திரும்ப வந்தது. 1981இல் கள்ளும் சாராயமும் மீண்டும் விற்பனைக்கு வந்தன. 1983இல் டாஸ்மாக் உருவானது, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. யார் திறந்தார், யார் மூடினார் என்ற சண்டைதான் நமக்குச் சொல்லப்பட்ட வரலாறு. குடித்தவரை மீட்டது யார், அவர் குடும்பத்தைத் தாங்கியது யார் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

நம்முடைய மரபில் வேறொரு வரலாறு உண்டு. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் பஞ்சசீலத்தை நம் முன்னே வைத்தார். மதுவை விலக்குவது அதில் ஒன்று. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளிலும் அது இருக்கிறது. 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்புக்குப் போன கிராமத்துப் பெண்கள் சாராயக்கடையை மறித்தார்கள். அடுத்த ஆண்டு ஆந்திரம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. சுயமரியாதையின் வரலாறு இது. ஆனால் விட நினைத்தும் விட முடியாதவருக்கு உறுதிமொழி மட்டும் போதாது.

என் சித்தப்பா ஒரு கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டார். இருபது வருடக் குடியை ஒரே நாளில் நிறுத்தினார். மூன்றாம் நாள் கை நடுங்கியது. சுவரில் ஆட்கள் தெரிவதாகக் கத்தினார். காற்று கருப்பு என்று மந்திரிக்கக் கொண்டுபோனார்கள். ஐந்தாம் நாள் மருத்துவமனைக்குப் போகும் வழியில் இறந்தார். விரதத்தில் ஏதோ குற்றம், சாமி அடித்துவிட்டது என்று சித்தி வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்.

அது சாமி குற்றம் இல்லை. நெடுங்காலம் தினமும் குடித்த உடம்பில் மதுவைத் திடீரென நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் மனக்குழப்பமும் மாயத்தோற்றமும் வரலாம், உயிரும் போகலாம். மருத்துவரின் கண்காணிப்பில் மருந்தும் பி1 வைட்டமினும் கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதேபோல, குடிப்பவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலப்பது ஆபத்து. அதன்மேல் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே கேடாகலாம்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் தொடங்கிய சாவு 60ஐத் தாண்டியது. இறந்தவர்களில் பெரும்பகுதி கூலி வேலை செய்த நம் மக்கள். குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் செத்த பிறகு தேடிவந்த அரசு, அவர்கள் உயிரோடு தள்ளாடியபோது எங்கே இருந்தது?

இங்கேதான் சட்டம் நமக்கு உதவும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளை நோய்க் கணக்கில் சேர்க்கிறது. அரசு தரும் மனநல சிகிச்சையைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண். 14416 மனநல ஆலோசனைக்கானது.

குடிப்பவர் வர மறுத்தாலும் குடும்பம் தனியாக உதவி கேட்கலாம். அமெரிக்காவில் 1951இல் உருவான அல்-அனான் குடும்பத்தாருக்கான அமைப்புதான். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய சிகிச்சை மையமும் குடும்பத்தைச் சேர்த்தே சிகிச்சை தருகிறது. ஆனால் தினக்கூலி வாங்கும் பெண் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வர வேண்டும். ஆகவே, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாரம் ஒரு நாள் குடிநோய்ச் சிகிச்சையும், குடும்பத்தாருக்குத் தனி ஆலோசனையும் வேண்டும். கடையை மூடு என்ற முழக்கத்தோடு இதையும் நம் கோரிக்கையாக எழுதுவோம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் தெருவில் குடியால் புருஷனையோ பிள்ளையையோ இழந்த பெண்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், எழுதுங்கள். என் சித்தியிடம் நான் கேட்டபோது, 'இத்தனை வருஷமா யாரும் இதப் பத்தி என்ன கேக்கலியேடா' என்றார்.