கைபிடியும் பவர் ஷட்டரும்: எங்கள் பழைய கார்களின் கதை

 

“பழைய மொறிஸ் மைனருக்குப் பவர் ஷட்டர் போடலாமா?” இந்தக் கேள்வியை இப்போது இளம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். “போட்டால் என்ன, வசதிதானே” என்று ஒரு பக்கத்தார். “பழைய காரைப் பழுதாக்காதையுங்கோ” என்று பெரியாக்கள். இரண்டு பக்கத்திலும் ஞாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் கார்களில் அந்தக் கைபிடி இவ்வளவு காலம் ஏன் நிலைத்தது என்ற வரலாற்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் கார்களைப் பார்ப்போம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் இலண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. உற்பத்தி நிற்கும்போது 16 இலட்சத்துக்கும் மேல் செய்திருந்தார்கள். ஒஸ்ரின் ஏ40 வரிசையில் 1947 இல் டெவனும், 1952 இல் சொமர்செற்றும், 1954 இல் கேம்பிரிட்ஜும் வந்தன. பிறகு வந்த ஏ60 கேம்பிரிட்ஜ் 1969 வரை உற்பத்தியில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் சொந்தக் காராகவும் ஹயர் காராகவும் ஓடியவை பெரும்பாலும் இவைதான். டொக்டர் வீட்டில் நின்றதும், கலியாணத்துக்குப் பூக்கட்டி ஓடியதும், சுகமில்லாத ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியதும் இந்தக் கார்களே.

இந்தக் கார்களின் கண்ணாடியை ஏற்றி இறக்குவது மிக எளிய பொறி. கைபிடியைச் சுற்றினால் கதவுக்குள் ஒரு சின்னப் பற்சில்லு சுழலும். அது பல்லு வெட்டிய ஒரு தகட்டைத் தள்ளும். தகட்டோடு சேர்ந்த கை கண்ணாடியைத் தூக்கும். வயரும் இல்லை, பியூசும் இல்லை.

அந்தக் காலத்தில் வேறு வழி தெரியாமல் கைபிடி வைக்கவில்லை. 1940 இலேயே அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் தன் விலையுயர்ந்த காரில் எண்ணெய் அழுத்தத்தால் ஏறி இறங்கும் கண்ணாடியைக் கொடுத்துவிட்டது. பிறகு ஒவ்வொரு கதவுக்கும் தனி மின்மோட்டர் வந்தது. ஆனால் போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் சாதாரண சனம் வாங்கும் காருக்கு அது அநாவசியச் செலவு. ஆகவே மலிவாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் கார்களுக்குக் கைபிடி வந்தது. பிறகு எங்களைக் காப்பாற்றியதும் அதே எளிமைதான்.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. புதுக் கார் எட்டாக்கனி. இருக்கிற காரைத் திருத்தித் திருத்தி ஓடுவதே வழி. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்து ஜப்பான் வாகனங்கள் நிறைந்த பிறகும், எங்கள் பக்கத்தில் பழைய கார்கள் ஒதுங்கவில்லை. கராஜ்காரரின் கை அந்த எஞ்சினுக்குப் பழகியிருந்தது.

பிறகு 1990. யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. ஏ9 பாதை அடைபட்டது. குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, இரும்பு, சீமெந்து எல்லாம் தடைப்பட்டியலில் ஏறின. ஓகஸ்டில் இராணுவம் தீவகத்துக்குள் வந்தது. எங்கள் சனத்தில் பெரும்பகுதி வீடுவாசலை விட்டுப் போனது. ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். பழைய இரும்பு, வன்பொருள், லொறி என்று தொழில் செய்தவர்கள் எங்களில் கனபேர். ஒரு பழைய போல்ற்றைத் தேடிப் போகக்கூடிய கடைகளும் அன்றோடு பூட்டப்பட்டன. சரியாக ஐந்து வருடத்துக்குப் பிறகு, 1995 இல் அதே ஒக்டோபர் 30 இல், வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. யார் யாருடைய துன்பம் பெரிது என்று அளக்க இதை எழுதவில்லை. வாகனமும் கடையும் வீடும் ஒரே நாளில் கைவிட்டுப் போவது எப்படி என்பது இங்கே எல்லாச் சமூகத்துக்கும் தெரியும்.

அந்த வருடங்களில் இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்குவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சினில் அமுக்க விகிதம் குறைவு என்பதால் அது தாக்குப்பிடித்தது. புகை கக்கியது, பிளக் கரிபிடித்தது, எஞ்சின் ஒயிலும் நீர்த்தது. ஆனாலும் ஓடியது. பற்றரி செத்தால் முன்பக்கத்தில் கம்பியைப் போட்டுச் சுற்றி ஸ்ரார்ட் எடுக்கலாம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம் அது. ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த காலம். மின்சாரத்தை நம்பி ஒரு பொருளை வைத்திருப்பதே முடியாத காரியம். காரின் கண்ணாடி மட்டும் எப்படி மோட்டரில் ஏறியிருக்க முடியும்?

இதிலே ஒரு விசித்திரமும் உண்டு. அதே 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவரின் முயற்சியோடு, இலங்கையிலேயே மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டன. இங்கிலாந்துக் கார்களுக்குத் தெற்கிலிருந்து தகடு போனது. வடக்கில் இருந்த கார்களுக்கு ஒரு பற்றரி வர வழியில்லை.

2002 இல் ஏ9 திறந்தது. 2006 இல் மறுபடி அடைபட்டது. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகுதான் பாதை நிலையாகத் திறந்தது. பற்றரியும் வயரும் பெட்டியில் அடைத்த பவர் ஷட்டர் செற்றும் கடைக்கு வந்தன. எங்கள் கார்களுக்குப் பவர் ஷட்டர் என்ற பேச்சே பாதையும் மின்சாரமும் திரும்பியதால்தான் வருகிறது. அந்த வகையில் இது மகிழ்ச்சிக்குரிய கேள்வி.

சரி, போடலாமா? போடலாம். எங்கள் பழைய கார்கள் ஒருநாளும் தொழிற்சாலையில் இருந்து வந்தபடி இருந்ததில்லை. மண்ணெண்ணெய்க்கு மாறிய காரை ஷட்டர் மட்டும் அசலாக இருக்கவேண்டும் என்று மறிக்க முடியாது. ஆனால் முறையாகப் போடவேண்டும்.

கடையில் இரண்டு விதமான செற் உண்டு. ஒன்று, கைபிடி பூட்டும் தண்டிலேயே மோட்டரைப் பொருத்திப் பழைய பொறியையே சுழற்றுவது. மற்றது, பழைய பொறியை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டுவது. எங்கள் விருப்பம் முதலாவதுதான். வேண்டாம் என்றால் மோட்டரைக் கழற்றிவிட்டுக் கைபிடியைத் திரும்பப் பூட்டலாம்.

மோட்டர் பூட்ட முதல் கண்ணாடி ஓடும் தவாளிப்பைப் பாருங்கள். ஐம்பது, அறுபது வருடத்து பெல்ற் துணி இறுகிப்போயிருக்கும். கையால் சுற்றும்போதே இறுகினால் மோட்டர் சூடாகி எரியும். எங்கள் உப்புக்காற்றில் கதவின் அடித்துவாரங்கள் அடைபட்டுத் தண்ணீர் தேங்கும். அவற்றைத் துப்புரவாக்காமல் மோட்டர் வைப்பது வீண்செலவு.

அடுத்தது மின்சாரம். இந்தக் கார்களில் 12 வோல்ற்தான், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் பலதில் நேர்முனைதான் பொடியோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. சாதாரண மோட்டருக்கு இதனால் ஏறுவது இறங்குவதாக மாறுமே தவிர வேறு பாதிப்பில்லை. ஆனால் ஒருமுறை தட்டினால் தானாக ஏறும் இலத்திரனியல் பெட்டி உள்ள செற் என்றால் எரிந்துவிடும். பழைய டைனமோ 20 அம்பியர் அளவுதான் தரும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுவும் தராது. ஆகவே தனிப் பியூசும் ரிலேயும் கட்டாயம். கதவுக்கும் பொடிக்கும் இடையில் வயர் போகும் துவாரத்துக்கு றப்பர் வளையம் போடாவிட்டால் தகடு வயரை வெட்டும்.

ஆசிரியர்களாக எங்களுக்குப் பெரிய கவலை பிள்ளைகள்தான். கைபிடியைச் சுற்ற ஒரு பிள்ளைக்குப் பலம் வேண்டும். சுவிச்சில் முழங்கால் பட்டாலே கண்ணாடி ஏறிவிடும். பிள்ளைகளின் கழுத்து நெரிபட்ட சம்பவங்களுக்குப் பிறகுதான், மேல்நோக்கி இழுத்தால் மட்டும் ஏறும் சுவிச்சை அமெரிக்கா சட்டமாக்கியது. மலிவான செற்றுகளில் அமத்தும் சுவிச்சே வரும். பின்கதவுகளுக்கு அது வேண்டவே வேண்டாம்.

பண்ணைப் பாலத்தையும் நினையுங்கள். இரண்டு பக்கமும் கடல். கார் தண்ணீருக்குள் போனால் மின்சாரம் எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே முன்கதவு இரண்டுக்கும் மோட்டர், பின்கதவுகளுக்குக் கைபிடி. இரண்டு கதவுக் கார் என்றால் ஒரு பக்கமாவது கைபிடி. இதுவே எங்கள் ஆலோசனை.

கழற்றும் கைபிடியைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஒயில் பூசி, துணியில் சுற்றி, எந்தக் கதவுக்குரியது என்று எழுதி டிக்கிக்குள் வையுங்கள். எல்லாம் நின்றுபோன காலத்திலும் நிற்காமல் வேலை செய்த பொருள் அது. இந்தக் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்த மெக்கானிக்மார் பலர் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் போய்க் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் நல்லது. எங்கள் தீவகத்தின் வரலாற்றில் இந்தப் பக்கத்தை எழுதக்கூடியவர்கள் அவர்கள்தான்.