இரண்டாம் வாக்கின் விதி: பம்பாய், 1937–1952

'சிவிலைசேஷன் 5' என்னும் வியூக விளையாட்டில் 2013ஆம் ஆண்டு உலகப் பேரவை சேர்க்கப்பட்டது. அங்கே ஒரு நாடு தன் வாக்குகள் அனைத்தையும் ஒரே தீர்மானத்தின்மீது குவிக்கலாம். வலிய கூட்டணியைச் சிறிய நாடு எதிர்கொள்ளும் வழி பெரும்பாலும் அதுவே. இந்த ஒரு விதியை முன்னிட்டுப் பம்பாயில் உண்மையான அரசியல் பூசலே மூண்டிருக்கிறது.

1937 மாகாணத் தேர்தலில் பம்பாயின் பல்லுறுப்பினர் தொகுதிகளில் குவிப்பு வாக்கு முறை நிலவியது. எத்தனை இடங்களோ அத்தனை வாக்குகள். விரும்பினால் எல்லாவற்றையும் ஒருவருக்கே அளிக்கலாம். 1932 பூனா ஒப்பந்தத்தால் தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட நேர்ந்த ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு எஞ்சிய காப்புகளுள் இதுவும் ஒன்று. எண்ணிக்கையில் சிறியோர் சிதறாமல் நின்றால் வெல்லலாம் என்பதே அதன் கணக்கு.

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அந்தக் கணக்கை மாற்றியது. இருவர் தொகுதியில் வாக்குகள் இரண்டு. ஆனால் ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் செல்லாது. அக்காலத்தில் வேட்பாளர்தோறும் தனிப் பெட்டி என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இரு சீட்டுகளும் ஒரே பெட்டியில் விழுந்தால் ஒன்று வீண்.

1952 சனவரியில் பம்பாய் நகர வடக்குத் தொகுதியில் அம்பேத்கர் போட்டியிட்டார். அவர் வாழ்ந்த 'ராஜகிருகம்' மாட்டுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில் உள்ளது. காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கர் 1,38,137 வாக்குகளும் அம்பேத்கர் 1,23,576 வாக்குகளும் பெற்றனர், வித்தியாசம் 14,561. செல்லாதவையென ஒதுக்கப்பட்ட சீட்டுகளோ 74,333 என்று அம்பேத்கரும் அசோக் மேத்தாவும் தம் தேர்தல் மனுவில் சுட்டினர். இரண்டாம் வாக்கை வீணாக்குமாறு டாங்கே தரப்பு பரப்புரை செய்தது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. மனு தள்ளுபடியானது. தோல்விக்கு விதி மட்டுமே காரணம் என்பது மிகை. காங்கிரசின் அன்றைய செல்வாக்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். எனினும் வித்தியாசத்தைப்போல் ஐந்து மடங்குச் சீட்டுகள் எண்ணப்படாமற் போனது சிறு செய்தியன்று.

அதே ஆண்டில் அம்பேத்கர் மாநிலங்களவைக்குச் சென்றார். அங்கு நிலவியது ஒற்றை மாற்று வாக்கு முறை. வாக்கு வீணாவதைத் தவிர்க்கவே வகுக்கப்பட்டது அது.

1957இல் பார்வதிபுரம் இருவர் தொகுதியில் வி.வி. கிரி தோற்றார். பழங்குடி வேட்பாளர் இருவருமே வென்றனர். உச்ச நீதிமன்றமும் 1959இல் அதை ஏற்றது. இருவர் தொகுதிகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன.