ஸ்விண்டனில் பத்து நிமிடம்

இங்கிலாந்தில் தூரப் பயணம் போகிறவர்கள் பலரும் ரயில் ஏறுமுன் ஸ்டேஷன் கடையில் ஒரு சாண்ட்விச் வாங்கிக்கொள்கிறார்கள். நாம் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்புவதுபோல அவர்களுக்கு இது. ஆனால் அந்த ஊரில் ஸ்டேஷன் சாண்ட்விச் என்பது நூறு வருஷத்துக்கு மேல் கேலிப் பொருளாக இருந்தது. சமையல்காரரைக் குறை சொல்லுமுன் குத்தகைப் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

லண்டனிலிருந்து பிரிஸ்டல் வரை கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1841ல் பாதை போட்டு முடித்தபோது கம்பெனியிடம் காசு தட்டுப்பாடு. நடுவழியில் ஸ்விண்டனில் ஸ்டேஷன் வேண்டும், தொழிலாளர்களுக்கு வீடுகள் வேண்டும். ரிக்பி என்ற கான்ட்ராக்டர்கள் தங்கள் செலவிலேயே கட்டித்தர ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு ஸ்டேஷன் சிற்றுண்டி அறைகள் 99 வருஷத்துக்கு அவர்களுடையவை. வாடகை, வருஷத்துக்கு ஒரு பென்னி! அதோடு, பயணி ரயில்கள் ஸ்விண்டனில் பத்து நிமிடம் நின்றே ஆகவேண்டும் என்று ஒரு நிபந்தனை.

ரிக்பிகள் கெட்டிக்காரர்கள். செல்டனத்தில் ஹோட்டல் நடத்திய கிரிஃபித்ஸ் என்பவருக்கு உள்குத்தகை விட்டார்கள். முன்பணம் 6,000 பவுன், அதற்குமேல் வருஷத்துக்கு 1,100 பவுன். இவ்வளவு கொடுத்தவர் அதை எங்கேயிருந்து எடுப்பார்? காப்பியிலும் ரொட்டியிலும்தான். வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகவும் முடியாது. ரயிலுக்குள் உணவுப் பெட்டி கிடையாது, கழிப்பறையும் கிடையாது. அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு வேலையையும் முடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறவேண்டும். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் பாடு என்ன ஆகியிருக்கும்!

அந்த ரயில்பாதையைப் போட்ட இன்ஜினியர் புரூனலே அங்கே சாப்பிடாமல் தப்பப் பார்த்தார். கிரிஃபித்ஸுக்கு அவர் எழுதிய கடிதம் பிரசித்தம். காப்பி மோசம் என்று நான் சொல்லவேயில்லை, உங்கள் கடையில் காப்பி என்று ஒன்று இருப்பதாகவே எனக்குத் தெரியாது என்கிற ரீதியில் போகும். கம்பெனி 1845ல் விரைவு ரயில் விட்டு நிறுத்தத்தைக் குறைக்கப் பார்த்தது. குத்தகைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் தடுத்துவிட்டார்கள். கடைசியில் 1895ல் ஒரு லட்சம் பவுன் கொடுத்துத்தான் கம்பெனியால் அந்தப் பத்திரத்திலிருந்து விடுபட முடிந்தது. பென்னி வாடகைக்கு விட்ட இடத்துக்கு!

ஸ்விண்டன் மட்டும் இப்படி என்று நினைக்கவேண்டாம். சார்லஸ் டிக்கன்ஸ் 1866ல் ரக்பி ஸ்டேஷனில் இறங்கி ஒரு கோப்பை காப்பி கேட்டார். காசு கைக்கு வரும்வரை பாலும் சர்க்கரையும் கிடையாது என்று கடைக்காரம்மா தள்ளி வைத்துவிட்டார். அந்த வருஷ கிறிஸ்துமஸ் மலரிலேயே ‘மக்பி ஜங்ஷன்’ வந்தது. ஸ்டேஷன் சிற்றுண்டி அறையை அதில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். எழுத்தாளரிடம் சர்க்கரைக் கிண்ணத்தைப் பிடுங்கினால் இதுதான் கதி. மூன்று வருஷம் கழித்து ஆன்டனி டிரோலப் ஒரு நாவலில் ரயில்வே சாண்ட்விச்சை இங்கிலாந்துக்கே அவமானம் என்று எழுதினார்.

1879ல் லீட்ஸ்–லண்டன் ரயிலில் உணவுப் பெட்டி வந்தது. பிறகு பெட்டிவிட்டுப் பெட்டி நடந்துபோக வழியும், கழிப்பறையும் வந்தன. நடுவழி நிறுத்தங்களின் பிடி தளர்ந்தது. ஆனால் சாண்ட்விச்சின் பெயர் மட்டும் மீளவில்லை. ரயில்வே அரசுடைமை ஆனபிறகும், கண்ணாடி மூடிக்குள் ஓரம் சுருண்டு காய்ந்த ரொட்டி என்றே நகைச்சுவைக்காரர்கள் பிழைப்பு நடத்தினார்கள். 1971ல் ரயில்வே உணவுப் பிரிவின் தலைவர் பில் கரி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாண்ட்விச்சுக்குள் வைக்கும் சரக்கில் மூன்றில் ஒரு பங்காவது நடுவில் இருக்கவேண்டுமாம். குறுக்கே வெட்டினால் வெட்டுமுகம் நிறைவாகத் தெரியும் அல்லவா! எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, அளவு சொல்லி உணவு போடவேண்டிய ஆபீசர் வேறென்ன செய்வார்?

நிலைமை மாறியது ரயில்வேக்கு வெளியிலிருந்து. 1980ல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைக்காரர்கள் சில கிளைகளில் பெட்டியில் அடைத்த சாண்ட்விச்சை விற்றுப் பார்த்தார்கள். பெட்டிக்குள் அடைபட்டிருந்ததால் ரொட்டி காயவில்லை. அன்றே செய்து அன்றே விற்கும் வியாபாரம். பிறகு இப்படிப்பட்ட கடைகள் ஸ்டேஷன்களுக்குள்ளேயே பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டன. ஒன்று பிடிக்காவிட்டால் பத்தடி நடந்து இன்னொன்றில் வாங்கலாம்.

லண்டனிலிருந்து பிரிஸ்டல் போகும் ரயில்கள் இன்றும் ஸ்விண்டனில் நிற்கின்றன. ஆட்கள் ஏறி இறங்கும் நேரம்தான் நிற்கும்.