சட்டைப்பைக்குள் வந்த வானொலி

திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியில் இலத்தீனில் உரையாற்றினார். அந்நாளைய வானொலிப் பெட்டிகள் வால்வுகளால் இயங்கியவை. கண்ணாடிக் குமிழுக்குள் இழை சூடேறினால்தான் வால்வு வேலை செய்யும். அவ்வெப்பம் வெளியேற இடமும் வேண்டும். ஆகவே பெட்டி பெரிதாயிற்று. வீட்டில் ஓரிடத்தில் நிலைகொண்டது. குடும்பம்தான் அதைத் தேடி வந்து அமர்ந்தது.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டெயினும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கினர். சூடேற்றத் தேவையற்ற சிறு ஜெர்மானியத் துண்டு அது! 1954இல் நான்கு டிரான்சிஸ்டர்கள் கொண்ட 'ரீஜென்சி டிஆர்-1' சுமார் 5 அங்குல உயரத்தில் விற்பனைக்கு வந்தது. 1957இல் ஜப்பானின் சோனி நிறுவனம் 'சட்டைப்பை வானொலி' ஒன்றைக் கொணர்ந்தது. வழக்கமான பையில் அது அடங்காததால், விற்பனையாளருக்குப் பெரிய பை வைத்த சட்டைகள் தைத்துக் கொடுத்ததாக நிறுவனர்களுள் ஒருவரான அக்கியோ மொரீட்டாவே கூறியுள்ளார். (சொல்லைக் குறைக்க மனமின்றிப் பையை நீட்டினர் போலும்!)

சிறு வானொலியோடு இயர்போனும் வந்தது. ஒன்றாய்க் கேட்ட நாம் ஒரே கூரையின்கீழ்த் தனித்தனியே கேட்கலானோம். ஆயினும் அச்சிறு பெட்டியைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. நோயுற்றோரைச் சந்திக்கச் சென்ற வீடுகளில், தலையணையருகே மெல்ல ஒலித்த அதனையே துணையாகக் கொண்டிருந்தோரை நாம் கண்டிருக்கிறோம்.