கேட்கக் கற்பித்தல்: அமெரிக்கக் கல்லூரிகளில் நிதி திரட்டல் பாடமான வரலாறு

தொண்டு நிறுவனங்களுக்கு மாணவரை வேலை பழக அனுப்பும் வழக்கம் அமெரிக்காவில் நூறாண்டைக் கடந்தது. அந்த நிறுவனங்களுக்குப் பணம் திரட்டித் தருவதையே பாடமாக வைத்தது மட்டும் மிகவும் பிந்தி நடந்தது. ஏழையின் வீட்டுப் படியேறுவதைக் கல்வி என்று ஏற்ற பல்கலைக்கழகங்கள், செல்வரின் வீட்டுப் படியேறுவதை நெடுங்காலம் தொழில் சாமர்த்தியமாகவே பார்த்தன. ஏற்றுக்கொண்ட பிறகும் அதன் எழுத்து வேலையைத்தான் பெரும்பாலும் வகுப்புக்குள் விட்டன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1897இல் டொராண்டோவில் கூடிய அறப்பணி மாநாட்டில், இத்துறைக்கென்று பயிற்சிப் பள்ளி வேண்டும் என்று மேரி ரிச்மண்ட் வாதாடினார். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஆறு வாரக் கோடை வகுப்பு தொடங்கியது. இன்றைய கொலம்பியா சமூகப்பணிப் பள்ளிக்கு அதுவே வித்து. ரிச்மண்ட் 1889இல் பால்டிமோர் அறநிறுவனச் சங்கத்தில் உதவிப் பொருளாளராக வேலைக்குச் சேர்ந்தவர். கணக்கேட்டின் கவலை அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவர் வழி வளர்ந்த கல்வியில் குடும்ப விசாரணை நடு இடத்தைப் பிடித்தது, நன்கொடை சேர்ப்பது அலுவலகத்தின் பின்கட்டிலேயே நின்றுவிட்டது. 1936இல் கிளிஃபர்ட் மேன்ஷார்ட் என்ற அமெரிக்க மிஷனரியின் தலைமையில் பம்பாயில் டாட்டா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியபோது நமக்கு வந்து சேர்ந்ததும் இந்தக் களப்பணி மரபுதான்.

நிதி திரட்டும் கலை வளர்ந்த இடமே வேறு. 1905இல் வாஷிங்டன் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்காக சார்லஸ் சம்னர் வார்டும் லைமன் பியர்ஸும் ஒரு முறையை வகுத்தார்கள். முதலில் ஒரு பெரிய நன்கொடையைக் கையில் வைத்துக்கொள்வது. நாள் கெடு வைப்பது. தொண்டர்களைக் குழுக்களாகப் பிரித்துப் போட்டிபோட விடுவது. சேர்ந்த தொகையை ஊரே பார்க்கப் பெரிய கடிகார முகப்பில் காட்டுவது. 1917 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கம் ஒரே வாரத்தில் 10 கோடி டாலர் இலக்கைத் தாண்டியதிலும் வார்டின் கை இருந்தது. இந்த வித்தைக்கு அன்று பாடப்புத்தகம் கிடையாது. ஒருவர் பின்னால் இன்னொருவர் ஊர் ஊராகப் போய்ப் பழகியதுதான்.

நிதி திரட்டலை ஏளனமாகப் பார்த்த பல்கலைக்கழகங்கள் அதைப் பயன்படுத்தத் தயங்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1919இல் ஹார்வர்டின் மூலதன நிதிக்கான பெரும் திரட்டலை நடத்தியவர் ஜான் பிரைஸ் ஜோன்ஸ் என்ற முன்னாள் பத்திரிகையாளர். அந்த அனுபவத்தை வைத்து அதே ஆண்டில் அவர் தனி நிறுவனமே தொடங்கினார். இந்த அலை தமிழகத்தையும் தொட்டது. 1920களின் தொடக்கத்தில் லூசி பீபடி அமெரிக்காவில் நடத்திய திரட்டலில், 20 லட்சம் டாலர் சேர்த்தால் 10 லட்சம் தருவதாக ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நினைவு நிதி நிபந்தனை வைத்தது. நிபந்தனை நிறைவேறியது, பயன்பெற்ற ஏழு ஆசியப் பெண்கள் கல்லூரிகளில் வேலூர் மருத்துவப் பள்ளியும் சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் அடக்கம். பிற்காலத்தில், பழைய மாணவர்களைத் தொலைபேசியில் அழைத்து நன்கொடை கேட்க நடப்பு மாணவர்களையே மணிக்கூலிக்கு அமர்த்திய கல்லூரிகள் ஏராளம். மறுப்பைக் காதால் கேட்டு, அடுத்த எண்ணைச் சுழற்றிய அந்தப் பிள்ளைகள் கற்றதை எந்த மதிப்பெண் பட்டியலும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மாணவர், அவரைப் பயிற்சிக்கு ஏற்கும் கூட்டாளி அமைப்பு, நிதி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேரத் தொடங்கியது 1948இல். சாரணர் இயக்கத்தைச் சேர்ந்த ஹெச்.ரோ பார்ட்டில், இளைஞர் அமைப்புகளுக்கு ஊழியர்களைத் தயாரிக்க ‘அமெரிக்கன் ஹியூமானிக்ஸ்’ திட்டத்தைத் தொடங்கினார். பின்னாளில் அதன் சான்றிதழுக்கு 300 மணி நேர நிறுவனப் பயிற்சியும் நிதி திரட்டும் திறனும் தேவைப்பட்டன. அடுத்த திருப்பம் 1974: நிதி திரட்டல் ஆலோசகர் ஹாங்க் ரோஸோ வேறு இருவரோடு சேர்ந்து சான் பிரான்சிஸ்கோவில் ‘நிதி திரட்டும் பள்ளி’யை நிறுவினார். அதில் வந்து உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பணியில் இருந்தவர்களே. 1987இல் அந்தப் பள்ளி இண்டியானா பல்கலைக்கழகத்தின் புதிய கொடையியல் மையத்தோடு இணைந்தபோதுதான் ஊர்சுற்றி வித்தைக்குப் பல்கலைக்கழக முகவரி கிடைத்தது.

இதற்கு இணையாக இன்னொரு ஓடை வந்துகொண்டிருந்தது. ராபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும் 1960களின் பிற்பகுதியில் தென் மாநிலங்களில் வளர்த்தெடுத்த, சமூக சேவையைப் பாடத்தோடு இணைக்கும் சேவைவழிக் கற்றல் அது. சேவை எப்படி இருக்க வேண்டும் என்பதைச் சேவை பெறுவோரே தீர்மானிக்க வேண்டும் என்பதை, 1979இல் சிக்மன் முதல் நெறியாக வைத்தார். 1985இல் பிரவுன், ஜார்ஜ்டவுன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தலைவர்கள் இதை வளர்க்க ‘கேம்பஸ் காம்பாக்ட்’ என்ற கூட்டமைப்பை அமைத்தார்கள்; 1990களில் ‘லேர்ன் அண்ட் சர்வ் அமெரிக்கா’ திட்டம் வழியாக அரசுப் பணம் வந்தது; 2011இல் அந்தப் பணம் நிறுத்தப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1999 வாக்கில் வடக்குக் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் மேயர்சன் அறக்கட்டளையின் உதவியோடு தொடங்கிய திட்டத்தில், வகுப்புக்கு ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டது. உள்ளூர் அமைப்புகளை ஆராய்ந்து யாருக்கு மானியம் தரலாம் என்று மாணவர்களே முடிவெடுத்தார்கள். இந்த மாதிரி பல கல்லூரிகளுக்குப் பரவியது. கொடுப்பவர் நாற்காலியில் மாணவரை உட்கார வைப்பது எளிது, கௌரவமும்கூட. கேட்பவர் நாற்காலிக்கு அத்தனை ஆதரவு கிடைக்கவில்லை.

கேட்பவர் பக்கத்தில் வகுப்புக்குள் நன்றாக வேர்விட்டது மானிய விண்ணப்பம் எழுதும் பாடம். அதன் நடைமுறையை அருகில் பார்த்தால் காரணம் புரியும். ஒவ்வொரு தனியார் அறக்கட்டளையும் வருமான வரித்துறைக்கு ‘990-பிஎஃப்’ படிவம் தாக்கல் செய்கிறது, யாரும் பார்க்கலாம். அந்த ஆண்டில் யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் கொடுத்தது என்ற பட்டியல் அதில் இருக்கும். கூட்டாளி அமைப்பு ஒரு முதியோர் உணவகம் என்று வைத்துக்கொள்வோம். அறக்கட்டளையின் இணையதளத்தில் ‘முதியோர் நலன்’ என்று போட்டிருக்கும். மாணவர் படிவத்தைப் புரட்டினால், மூன்று ஆண்டாகப் பணம் முழுவதும் இரண்டு மருத்துவமனைகளுக்கே போயிருப்பது தெரியவரும். இது பத்து விரிவுரைக்குச் சமம். பிறகு தேவை விளக்கம், வரவுசெலவுத் திட்டம், விளைவை அளக்கும் முறை என்று வரைவு வளரும். அமைப்பின் இயக்குநர் சிவப்பு மையில் திருப்பி அனுப்புவார். எல்லாமே தாளில் இருப்பதால் ஆசிரியர் மதிப்பெண் போடலாம். நன்கொடையாளரோடு உட்கார்ந்து பேசி, தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும் அந்த நிமிடத்துக்கு எப்படி மதிப்பெண் போடுவது? ஒரு பிழை நேர்ந்தால் இழப்பு மாணவருக்கல்ல, அமைப்புக்கு. ஆகவே நன்கொடையாளர் பட்டியலை மாணவர் கையில் தர அமைப்புகள் தயங்குவதைக் குறையாகச் சொல்ல முடியாது.

நாட்காட்டியும் முரண்டு பிடிக்கிறது. செமஸ்டர் சுமார் 15 வாரம். விண்ணப்பம் போட்டு அறக்கட்டளையின் பதில் வருவதற்குள் மாணவர் வேறு பாடத்துக்குப் போயிருப்பார். பெரிய நன்கொடைக்கான பழக்கம் வளர ஆண்டுகள் பிடிக்கும். ராண்டி ஸ்டோயக்கரும் எலிசபெத் டிரையனும் 2009இல் வெளியிட்ட நூலில், விஸ்கான்சின் மாநில மேடிசன் பகுதித் தொண்டு நிறுவன ஊழியர்கள் குறுகிய காலச் சேவைப் பாடங்கள் தங்களுக்குச் சுமையாவதைப் பேசியிருக்கிறார்கள். சிக்மனின் முதல் நெறி ஏட்டளவில் நின்றுவிட்டது என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் வேண்டியதில்லை.

எனினும் எல்லாப் பழியையும் செமஸ்டர் மேல் போட்டுவிட முடியாது. காம்பஸ்பாயிண்ட் அமைப்பும் ஹாஸ் ஜூனியர் நிதியும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தொண்டு நிறுவனங்களின் நிதி திரட்டல் இயக்குநர்களில் பாதிப்பேர் இரண்டு ஆண்டுக்குள் வேலையை விட்டுப் போகும் எண்ணத்தில் இருந்தது தெரியவந்தது. நிரந்தர ஊழியரே அப்படியென்றால், நன்கொடையாளரின் உறவு தங்க வேண்டிய இடம் அலுவலகக் குறிப்பேடுதான்: யாரைச் சந்தித்தோம், என்ன கேட்டார், எந்தத் திட்டத்தில் அவருக்கு ஆர்வமில்லை, நன்றிக் கடிதம் போனதா. இந்தப் பதிவுகளைச் சீர்செய்து அடுத்த பருவ மாணவரிடம் ஒப்படைப்பதை மதிப்பீட்டின் பகுதியாக்கும் பாடம், விண்ணப்பத்தோடு முடிந்துபோகும் பாடத்தைவிடக் கூட்டாளி அமைப்புக்கு அதிகம் பயன்படும். அதற்கு ஒரே ஆசிரியர், ஒரே அமைப்பு, தொடர்ந்து சில ஆண்டுகள் என்ற ஏற்பாடு வேண்டும். அதைச் செய்துதர வேண்டியது துறைத்தலைமை.