பினாங்கு நேரமும் கோப்புறைச் சூழலும்

1936-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர், கைக்கடிகார முள்ளை 1 மணி 50 நிமிடம் முன்னே தள்ள வேண்டியிருந்தது. இந்திய நேரம் கிரீன்விச்சை விட 5.30 மணி முந்தியது. பினாங்கில் அப்போது 7.20. ஊர் திரும்பினால் முள்ளும் திரும்பும். மணி ஊருக்குச் சொந்தமானது. கடிகாரம் அதைச் சுமந்தது, அவ்வளவே. கட்டளைவரியில் கோப்புறைக்குக் கோப்புறை வேறு சூழல் மாறிகள் வைப்பதைப் புதுமோகம் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அது இந்தப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியாகவே படுகிறது.

சூழல் மாறிகள் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பில், 1979-இல், ஸ்டீவன் போர்ன் எழுதிய ஷெல் என்ற கட்டளைவரி நிரலோடு வந்தன. ஒரு பெயர், அதற்கொரு மதிப்பு. ஷெல் தொடங்கிவைக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் நகல் போய்ச்சேரும். நேர மண்டலத்தைக் குறிக்கும் டிஇசட் என்ற மாறியும் இந்த வகைதான். ஆனால் உள்நுழையும்போது ஒருமுறை மதிப்பைப் படித்துக்கொண்டு, எந்தக் கோப்புறைக்குப் போனாலும் அதையே வைத்திருப்பது ஷெல்லின் வழக்கமாயிற்று. பினாங்குக்கும் அதுவே நேர்ந்தது. ஜார்ஜ் டவுனின் சூரிய நேரம் கிரீன்விச்சை விட ஏறத்தாழ 6 மணி 41 நிமிடம் முந்தியது. 1905 ஜூன் 1 முதல், பினாங்கும் சிங்கப்பூரும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்கள் முழுவதற்கும் 7 மணி என்றானது; 1933-இல் 7.20, 1941 செப்டம்பரில் 7.30. 1982-இல் சபா, சரவாக்கோடு ஒன்றுபட 8 மணி. இன்று அங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் பிற்பகல் 1.20-ஐ ஒட்டிக் காட்டுகிறது.

தந்திக்கும் ரயிலுக்கும் பொது நேரம் வேண்டாமா என்றால், வேண்டும்தான். அதற்காக ஊரின் நேரத்தை அழிக்க வேண்டியதில்லை. கணினிகள் நம்பியிருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் பினாங்குக்குத் தனிப் பதிவே கிடையாது. சிங்கப்பூரின் வரலாறுதான் அதற்கும். ஜார்ஜ் டவுன் ஜப்பானியர் கைக்குப் போனது 1941 டிசம்பர் 19-இல். தரவுத்தளத்தில் டோக்கியோ நேரம் தொடங்குவதோ 1942 பிப்ரவரி 16, சிங்கப்பூர் சரணடைந்த மறுநாள். எல்லோருக்கும் ஒரே மதிப்பு என்றால் ஒரு நகரத்தின் இரண்டு மாதம் இப்படித்தான் காணாமல் போகும்.

கண்ணுக்குத் தெரியாமல் மாறும் மதிப்பு ஆளை ஏமாற்றாதா என்ற கேள்வி இன்னும் வலுவானது. கோப்புறைக்குள் நுழைந்ததும் யாரோ எழுதிவைத்த கட்டளைகள் தாமாக ஓடுவது ஆபத்துதான். அதனால்தான் டைரென்வ் என்ற கருவி, நாம் ஒப்புதல் தரும்வரை அங்குள்ள அமைப்புக் கோப்பைத் தொடாது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி ஒப்புதல் கேட்கும். வெளியே வந்ததும் பழைய மதிப்பை மீட்டுவைக்கும். 19-ஆம் நூற்றாண்டுப் பினாங்குத் துறைமுகக் குறிப்புகளைத் தட்டச்சு செய்பவர் அவை உள்ள கோப்புறைக்கு மட்டும் டிஇசட் மதிப்பை 6 மணி 41 நிமிடம் 20 நொடி என்று எழுதிவைக்கலாம். கிரீன்விச்சுக்குக் கிழக்கே என்பதால் போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரநிலையின்படி முன்னால் ஒரு கழித்தல் குறி வேண்டும். அதை விட்டால் கப்பல்கள் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போய்விடும்.