எங்கள் சுவரில் ஏன் மூன்று விதமான ஓட்டை?



சாதாரண தரத்துக்குத் தகவல் தொழினுட்பப் பாடம் எடுத்திருக்கும் மாணவர் ஒருவரின் வாப்பா, இரண்டு பவர் கேபிள்களைப் படம் பிடித்து எங்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "பிள்ளைட கொம்பியூட்டர் வயர் எரிஞ்சி போச்சி சேர். இந்த ரெண்டுல எத போடுற?" ஒன்று சவூதியிலிருந்து வந்தது, தட்டைக் கால் பிளக், அதன் தலையில் ஒரு அடப்டர். மற்றது கடையில் வாங்கிய மெல்லிய கறுப்புக் கேபிள். இரண்டும் வேண்டாம் என்று உடனே பதில் போட்டோம். ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் ஒரு வரி போதவில்லை. அதன் பின்னால் ஏறத்தாழ 90 வருடக் கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஓட்டமாவடியிலோ ஒரு பழைய வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பாருங்கள். ஓரிடத்தில் சின்ன உருண்டை ஓட்டை மூன்று, அது 5 அம்பியர். ஃபிறிட்ஜ் இருக்கும் பக்கம் பெரிய உருண்டை ஓட்டை மூன்று, அது 15 அம்பியர். பிறகு கட்டிய அறையில் சதுர ஓட்டை, 13 அம்பியர். மூன்றும் பிரித்தானியர் காலத்துப் பழக்கத்தின் மிச்சம். உருண்டைக் கால்களுக்கான அவர்களுடைய கட்டளை, பிஎஸ் 546, 1934இல் வந்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான், ஓட்டைகள் தங்கிவிட்டன.

சதுரக் கால் யுத்த காலத்துப் பிள்ளை. இரண்டாம் உலக யுத்தம் முடியுமுன்பே, இடிந்த வீடுகளைத் திரும்ப எப்படிக் கட்டுவது என்று பிரித்தானியாவில் குழுக்கள் கூடின. மின்சாரம் பற்றிய குழு 1944இல் அறிக்கை கொடுத்தது. செம்புக்குத் தட்டுப்பாடு. ஒவ்வொரு சொக்கட்டுக்கும் தனி வயர் இழுப்பதற்குப் பதிலாக, வீட்டைச் சுற்றி ஒரே வளையமாக வயரை ஓட்டினால் செம்பு மிச்சம். ஆனால் அந்த வளையத்துக்குப் பிரதான பலகையில் 30 அம்பியர் பியூஸ் வேண்டும். அப்படியானால் ஒரு மேசை விளக்கின் மெல்லிய வயரை யார் காப்பாற்றுவது? பலகையில் பியூஸ் போகுமுன் வயர் தீப்பிடித்துவிடும். ஆகவே ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு குட்டிப் பியூஸ் வைத்தார்கள். 1947இல் பிஎஸ் 1363 என்ற பெயரில் அது வெளிவந்தது. பிளக்கில் இருக்கும் பியூஸ் கணினியைக் காப்பாற்ற வந்ததல்ல, வயரைக் காப்பாற்ற வந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகளே ஆச்சரியப்படுகிறார்கள்.

அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட், மின் பொறியியலாளர். சின்னப் பிள்ளைகள் ஓட்டைக்குள் எதையாவது விடுவார்கள் என்ற கவலை அந்த வடிவமைப்பிலேயே இருக்கிறது. எர்த் கால் மற்ற இரண்டையும் விட நீளம். அது முதலில் நுழைந்து, உள்ளே இருக்கும் மூடிகளைத் திறந்துவிடும். நாங்கள் என்ன செய்கிறோம்? பேனை முனையை எர்த் ஓட்டைக்குள் குத்தி, மூடியைத் திறந்து, இரண்டு கால் பிளக்கை ஏற்றுகிறோம். பிள்ளைகளுக்கு முன்னாலேயே செய்கிறோம்.

இனிக் கணினிக்கு வருவோம். கணினியின் பின்பக்கம் செருகும் மூன்று ஓட்டைத் தலைக்கு சி13 என்று பெயர். அதற்கான சர்வதேசக் கட்டளை 1970இல் வந்தது. 1981இல் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோதும் பின்னால் இருந்தது இந்தக் குடும்பத்துச் செருகிதான். உலகம் முழுவதும் கணினிப் பக்கத் தலை ஒன்றே, சுவர்ப் பக்கக் கால்கள் மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. கணினி செய்பவர்களுக்கு இது பெரிய வசதி. எங்களுக்குத் தலையிடி தொடங்கியதும் இங்கேதான்: எந்த நாட்டுக் கேபிளும் பின்னால் செருகுப்படும், பார்க்கச் சரியாக இருக்கும்.

எங்கள் ஊர்களில் அந்த எந்த நாட்டுக் கேபிளும் உண்டு. கட்டார், குவைத், எமிரேட்ஸில் இருந்து வந்தது பெரும்பாலும் சதுரக் கால், பிரச்சினை குறைவு. சவூதியில் நீண்ட காலம் 127 வோல்ட் ஓடியது. 230க்கு மாறும் முடிவை 2010இல்தான் எடுத்தார்கள். அந்தக் காலத்துத் தட்டைக் கால் கேபிளில் 125 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். எங்கள் வீட்டில் ஓடுவது 230. கூடவே கணினியும் அங்கிருந்து வந்ததென்றால், பின்பக்கம் 115/230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 115இல் கிடந்தால் செருகிய மறுநொடி வெடிச்சத்தம்தான்.

தலையை வெட்டிவிட்டு வேறு பிளக் போடுவோம் என்று சிலர் நினைப்பார்கள். அங்கேயும் ஒரு வரலாறு காத்திருக்கிறது. எங்கள் பழைய வயரிங்கில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல், பச்சை எர்த். அமெரிக்க முறையில் கறுப்புத்தான் உயிர்க்கம்பி, வெள்ளை நொதுமல். ஜேர்மனியில் ஒரு காலத்தில் சிவப்பு எர்த்! இந்தக் குழப்பத்தால்தான் 1970ஐ ஒட்டி, வளையும் கேபிள்களுக்குக் கபிலம் உயிர், நீலம் நொதுமல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த் என்று ஐரோப்பாவில் பொதுவாக்கினார்கள். நிறக்குருடு உள்ளவருக்கும் கோடு தெரியட்டும் என்பதற்காகவே இரண்டு நிறம். பழைய ஞாபகத்தில் அமெரிக்கக் கேபிளின் கறுப்பை நொதுமலில் பூட்டினால், கணினியின் பவர் சப்ளைக்குள் இருக்கும் பியூஸ் நொதுமல் பக்கம் போய்விடும். பியூஸ் எரிந்த பிறகும் கணினிக்குள் உயிர்க்கம்பி உயிரோடுதான் இருக்கும்.

"சேர், சிபியூல கை வெச்சா சுர்ரெண்டு இழுக்குது" என்று பிள்ளைகள் சொல்வது புதிதல்ல. செருப்புப் போட்டுக்கொண்டு இருங்கள் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். காரணம் இதுதான். கணினியின் பவர் சப்ளைக்குள் மின்னிரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கொள்ளளவிகள் உண்டு. ஒன்று உயிர்க்கம்பியிலிருந்து, மற்றது நொதுமலிலிருந்து, இரண்டும் இரும்புப் பெட்டியில் வந்து சேரும். எர்த் இருந்தால் அந்தச் சிறு மின்னோட்டம் அதன் வழியே போய்விடும். எர்த் இல்லையென்றால் பெட்டி பாதி அழுத்தத்தில், ஏறத்தாழ 115 வோல்ட்டில், தொங்கிக்கொண்டு நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு முடிகிறது. ஆனால் உள்ளே ஒரு வயர் உரசிப் பெட்டியைத் தொட்டால் முழு 230உம் வெளியே வரும். எர்த் இருந்தால் யாரும் தொடுமுன்பே டிறிப் சுவிட்ச் விழுந்துவிடும். இல்லையென்றால், யாராவது தொடும்வரை அது காத்திருக்கும்.

எங்கள் பக்கத்துக்கு இன்னொன்று. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். உப்புக் காற்று பித்தளைக் கால்களில் களிம்பு ஏற்றும், சொக்கட்டின் உள்ளே தகடும் தளர்ந்துவிடும். தொடுகை சரியில்லாத இடம் சூடேறும். ஆகவே கேபிள் எரிந்தால், புதியதை வாங்குமுன் சொக்கட்டைப் பாருங்கள். பிளக் ஆடுகிறதா, ஓட்டையைச் சுற்றிக் கறுத்திருக்கிறதா? அப்படியென்றால் புதிய கேபிளும் அதே வழியில்தான் போகும்.

வாங்கும்போது: சதுரக் கால் பிளக்கும் சி13 தலையும் வார்ப்பாக ஒட்டி வந்தது, கேபிளின் மேல் 3 × 0.75 அல்லது 3 × 1.0 சதுர மில்லிமீற்றர் என்று அச்சிட்டது. ஒரு சாதாரண கணினி 300 வோட் எடுத்தாலும் 230ஆல் பிரித்தால் 1.3 அம்பியர்தான், 5 அம்பியர் பியூஸ் தாராளம். பியூஸைக் கழற்றிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள். பிளக்கின் இரண்டு சிறு கால்களின் அடிப்பாதியில் கறுப்பு உறை இருக்க வேண்டும், 1984இலிருந்து அது விதி. எர்த் காலிலும் உறை இருந்தால் அது போலி. அந்த உறை எர்த் தொடுகையையே தடுத்துவிடும். படத்தில் வந்த அந்த மெல்லிய கேபிளில் எர்த் காலுக்கும் அழகாக உறை போட்டிருந்தார்கள்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 13 அம்பியர் சதுரக் காலை நாட்டின் ஒரே கட்டளையாக்கப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முன்னின்றது. மற்ற வகைப் பிளக், சொக்கட்டுகளுக்கு 2017 ஆகஸ்டிலிருந்து இறக்குமதித் தடை, 2018 ஆகஸ்டிலிருந்து விற்பனைத் தடை. வீடுகளில் இருப்பதை மாற்ற 2038 வரை தவணை உண்டு. அதுவரை உருண்டை ஓட்டைக்கு அடப்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கணினி மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சொக்கட்டையாவது முதலில் மாற்றுங்கள். அனுமதி பெற்ற மின்னியலாளரைக் கூப்பிட்டு, அங்கே எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று மீற்றரால் பார்க்கச் சொல்லுங்கள்.

எரிந்த கேபிளைக் குப்பையில் போடுமுன் இரண்டு தலையையும் வெட்டிவிடுங்கள். முழுதாகப் போட்டால் பழைய சாமான் எடுப்பவரின் வண்டியில் ஏறி, அது இன்னொரு பிள்ளையின் மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.